துப்பாக்கிக்குச் சம்பளம்

கேள்வி: கடாபி இருந்தவரை லிபியா ஒழுங்காக இருந்தது. அவரைக் கொன்றுவிட்டு இப்போது ஆளாளுக்கு அடித்துக்கொள்கிறார்கள். அந்த மக்களுக்கு ஜனநாயகம் ஒத்துவராது, இரும்புக்கரம்தான் சரி. ஒப்புக்கொள்கிறீர்களா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: மாட்டேன். அந்த 42 ஆண்டு அமைதி எப்படிக் கிடைத்தது என்று பாருங்கள். கட்சி தொடங்கினால் மரண தண்டனை என்று 1972-லேயே சட்டம் போட்டவர் கடாபி. அரசியல் சாசனம் என்று ஒன்று கிடையாது. தன்மேலேயே பாய்ந்துவிடும் என்ற பயத்தில் ராணுவத்தைக்கூட வளரவிடவில்லை. நல்ல ஆயுதமெல்லாம் மகன் கையில் இருந்த படைப்பிரிவுக்குத்தான் போனது. 2011 அக்டோபரில் சிர்த் நகரில் அவர் கொல்லப்பட்டபோது, நாட்டை எடுத்து நடத்தக் கட்சியும் இல்லை, ராணுவமும் இல்லை. மிஸ்ராத்தாவுக்கு ஒரு படை, ஸின்தானுக்கு ஒரு படை என்று ஊருக்கு ஊர் ஆயுதக் குழுக்கள்தான் இருந்தன. இதுவும் அவர் விட்டுப்போன சொத்துதான்.

சரி, பின்னால் வந்தவர்கள் யோக்கியமா என்றால், அவர்கள்மேலும் எனக்குக் கோபம் உண்டு. குழுக்களைக் கலைத்து, ஆட்களைத் தனித்தனியாக ராணுவத்தில் சேர்த்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல், குழுக்களை அப்படியே வைத்துக்கொண்டு சம்பளம் கொடுத்தார்கள். கடைசியில், உண்மையில் சண்டை போட்டவர்களைவிடப் பல மடங்கு பேர் பட்டியலில் ஏறிவிட்டார்கள். பணம் அரசுடையது, விசுவாசமோ தளபதிக்கு. 2013 அக்டோபரில் பிரதமர் அலி ஸெய்தானையே தலைநகர் திரிபோலியில் ஒரு ஹோட்டலிலிருந்து தூக்கிக்கொண்டு போய்ச் சில மணி நேரம் அடைத்துவைத்தார்கள். தூக்கியவர்களும் அரசோடு சேர்ந்திருந்த குழுதான்.

அதைவிட மோசம், அதே ஆண்டு மே மாதம் நடந்தது. கடாபி ஆட்சியில் உயர் பதவி வகித்த யாருக்கும் இனிப் பொறுப்பு கிடையாது என்று சட்டம் கேட்டு, ஆயுதக் குழுக்கள் அமைச்சகங்களை வளைத்து நின்றன. 164-க்கு 4 என்ற வாக்குகளில் அந்தச் சட்டம் நிறைவேறியது. அதில் மாட்டியவர் யார் தெரியுமா? நாடாளுமன்றத் தலைவர் முகமது மகாரியஃப். நம் டெல்லியில் லிபியத் தூதராக இருந்தவர்; 1980-ல் கடாபியை எதிர்த்துப் பதவியைத் தூக்கி எறிந்தவர். 30 ஆண்டுகள் வெளிநாட்டிலிருந்தே போராடினார். தூதர் வேலை பார்த்த பாவத்துக்காக அவரும் விலக வேண்டியிருந்தது. கடாபியை முதலில் எதிர்த்தவர்களில் ஒருவருக்கே இந்தக் கதி என்றால், பழைய அதிகாரிகள் எந்த நம்பிக்கையில் புதிய அரசோடு ஒத்துழைப்பார்கள்? அடுத்த ஆண்டே திரிபோலியில் ஒரு அரசு, கிழக்கே ஒரு நாடாளுமன்றம் என்று நாடு பிளந்தது. அப்புறம் கிழக்கு லிபியாவின் ராணுவத் தளபதி ஹஃப்தார் உங்கள் இரும்புக்கரத்தோடு வந்தார். 2019 ஏப்ரலில் திரிபோலியைப் பிடிக்கக் கிளம்பி, ஓராண்டுக்கு மேல் சண்டை போட்டும் முடியாமல் திரும்பினார்.

ஜனநாயகம் ஒத்துவராது என்று மக்களைச் சொல்கிறீர்களே, அவர்கள் என்ன செய்தார்கள்? 2021 டிசம்பர் 24 அன்று தேர்தல் என்று அறிவித்தபோது, சுமார் 70 லட்சம் பேர் உள்ள நாட்டில் ஏறக்குறைய 28 லட்சம் பேர் வாக்களிக்கப் பதிவு செய்தார்கள். அந்தத் தேர்தலை நடத்தாமல் விட்டது அவர்கள் அல்ல.