அட்மின் இல்லாத குரூப்: கேள்வி பதில்

கேள்வி: சார், எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்புக்கு ஒரே அட்மின். அவர் போன மாதம் தவறிவிட்டார். புதிதாகக் குடிவந்தவர்களைச் சேர்க்க முடியவில்லை.

பதில்: அந்த வீட்டாரிடம் பேசுங்கள், காரியமெல்லாம் முடிந்த பிறகு. அவருடைய போனைத் திறக்க முடிந்தால் ஒரு நிமிட வேலைதான். குரூப் தகவலில் உங்கள் பெயரை அழுத்தி அட்மின் ஆக்கச் சொல்லுங்கள். ஒருவர் போதாது, இரண்டு பேரை ஆக்குங்கள். இல்லையென்றால் நாளை இதே கேள்வியை வேறொருவர் கேட்பார். அதன் பிறகு அந்த எண்ணைக் குரூப்பிலிருந்து எடுத்துவிடலாம். அவசரப்பட்டு முதலிலேயே வெளியேறச் சொல்லிவிடாதீர்கள். ஒரே அட்மின் வெளியேறினால் வாட்ஸ்அப் தானாக யாரையாவது அட்மின் ஆக்கும். அது யார் என்பது உங்கள் கையில் இல்லை.

சிம்மை ரத்து செய்வதற்கு முன் இதை முடித்துவிடுவது நல்லது. ரத்தான எண், 90 நாள் கழிந்ததும் வேறொருவருக்குப் போகலாம்.

கேள்வி: எங்கள் அட்மின் நன்றாகத்தான் இருக்கிறார், ஆனால் பதிலே சொல்வதில்லை. அட்மின் மட்டுமே எழுதலாம் என்று வேறு பூட்டி வைத்திருக்கிறார்.

பதில்: அவரைத் தூக்க உறுப்பினர்களுக்கு வழியே கிடையாது. புதுக் குரூப்தான். எல்லாரையும் கேட்காமல் இழுத்துப் போடாதீர்கள், லிங்க் அனுப்புங்கள், விருப்பமுள்ளவர்கள் வரட்டும். பழைய குரூப்பில் லிங்கைப் போட முடியாது என்பதால் தனித்தனியாகத்தான் அனுப்ப வேண்டும். அந்த வேலையை நாலைந்து பேர் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் ஒரே செய்தியை நூறு பேருக்குத் தட்டிவிட்டால் ஸ்பேம் என்று அவர் கணக்கையே முடக்கிவிடக்கூடும்.

கேள்வி: ஃபேஸ்புக் மாடித்தோட்டக் குரூப். அட்மின் விலகிவிட்டார். இப்போது விதை, உரம் பற்றிப் பேச ஆளில்லை, லோன் விளம்பரம்தான்.

பதில்: அட்மினே இல்லாத குரூப்பில் உறுப்பினரே பொறுப்பை எடுத்துக்கொள்ள ஃபேஸ்புக் இடம் தருகிறது. உடனே எடுங்கள். நீங்கள் யோசிக்கும் நேரத்தில் லோன்காரர் எடுத்துவிடுவார், அப்புறம் குரூப் பெயரே மாறிவிடும். கைக்கு வந்ததும் முதல் வேலை, பதிவுகள் ஒப்புதலுக்குப் பிறகே வரும்படி வைப்பது. பழைய குப்பையை மெல்லக் கூட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: ரெட்டிட் என்ற இணைய விவாதத் தளத்தில் குழுவுக்கு ஆளில்லாமல் போனால்?

பதில்: அங்கே இதற்கென்றே 'ரெட்டிட் ரிக்வெஸ்ட்' என்று ஒரு பகுதி இருக்கிறது. முதலில் பழைய மாடரேட்டர்களுக்கு, அதாவது அந்தக் குழுவை நடத்தியவர்களுக்கு, செய்தி அனுப்புங்கள், பிறகு அங்கே விண்ணப்பியுங்கள். தள்ளிப்போட வேண்டாம். மாடரேட்டர் இல்லாத குழுக்களை ரெட்டிட் மூடிவிடுவதும் உண்டு.

கேள்வி: அட்மின் ஆனால் எவனோ போட்ட பதிவுக்கு என் மேல் கேஸ் வருமா அண்ணா? வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்.

பதில்: வெறும் அட்மின் என்பதற்காக மட்டும் உறுப்பினர் போட்டதற்குப் பொறுப்பாக்க முடியாது என்ற திசையில்தான் தீர்ப்புகள் வந்திருக்கின்றன. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளையும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் 2021-லும், கேரள உயர் நீதிமன்றம் 2022-லும் சொல்லிவிட்டன. அந்தப் பதிவில் உங்களுக்கும் கூட்டு இருந்தால் கதை வேறு. புகார் வராது என்று சொல்ல மாட்டேன். மோசமான பதிவைக் கண்டதும் அழித்துவிடுங்கள், அட்மினுக்கு அந்த வசதி இருக்கிறது.

கேள்வி: டெலிகிராமில் குரூப்பை நண்பருக்கு மாற்றப் பார்த்தால் விடமாட்டேன் என்கிறது.

பதில்: இரண்டடுக்குச் சரிபார்ப்பை, அதாவது உள்ளே நுழையக் கூடுதலாக ஒரு பாஸ்வேர்டை, போட்டு ஏழு நாள் ஆகியிருக்க வேண்டும். இன்றைக்கே போட்டுவிட்டு அடுத்த வாரம் மாற்றுங்கள்.