விஎம்மில் டைமர் பேட்ச்: எதைப் பார்த்து ஓகே சொல்வது?

கேள்வி: பெங்களூரு மாரத்தஹள்ளியில் லினக்ஸ் கர்னல் வேலை. டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒரு பேட்ச் அனுப்பியிருக்கிறார். கேவிஎம் (லினக்ஸில் விஎம், அதாவது மெய்நிகர் கணினி, ஓட்டும் வசதி) கெஸ்ட், அதாவது உள்ளே ஓடும் விஎம், பூட் ஆகும்போது டிஎஸ்சி (சிபியூவுக்குள் இருக்கும் துடிப்பு எண்ணி) வேகத்தை அளக்காமல், ஹைப்பர்வைசர் (விஎம்களை நடத்தும் மென்பொருள்) தரும் கணக்கையே எடுத்துக்கொள்கிறது. என் லேப்டாப்பில் ஒழுங்காக ஓடுகிறது. ரிவ்யூவில் வேறென்ன பார்க்க?

பதில்: யோசனை சரிதான். நொடிக்கு 11,93,182 முறை துடிக்கும் பழைய பிஐடி டைமரை வைத்து டிஎஸ்சியை அளப்பது கர்னலின் பழைய வழி. விஎம்மில் அந்த பிஐடியே போலி. அளக்கும் நேரம் பார்த்து ஹோஸ்ட் (விஎம்மைத் தாங்கும் நிஜ மெஷின்) இந்த விசிபியூவை (விஎம்முக்குத் தரும் மெய்நிகர் சிபியூ) ஓரங்கட்டினால் கணக்கு கோணிவிடும்.

முதலில் துவக்க வரிசையைப் பாருங்கள். கேவிஎம்-கிளாக்கில் (ஹைப்பர்வைசர் கெஸ்டுக்கு நேரம் சொல்லும் வழி) வேகம் நேரடியாகக் கிடைக்காது. ஹைப்பர்வைசர் பகிரும் மெமரி பக்கத்தில் ஒரு பெருக்கெண் இருக்கும், அதால் வகுத்துத்தான் எடுக்க வேண்டும். அந்தப் பக்கத்தை ஹைப்பர்வைசரிடம் பதிவு செய்யும் முன்பே படித்தால் அங்கே பூஜ்யம். பூஜ்யத்தால் வகுத்தால் பூட் அங்கேயே நின்றுவிடும். கன்சோலில் ஒரு வரிகூட வந்திருக்காது. இதைத் துரத்திப் பிடிப்பது பெரும் பாடு. கேவிஎம்-கிளாக்கே இல்லாத ஹோஸ்டில் பழைய அளவீட்டுக்குத் திரும்புகிறதா என்பதும் முக்கியம்.

அப்புறம் டைமர் இன்டரப்ட் (டைமர் சிபியூவைத் தட்டி அழைப்பது) சோதனை. பூட்டில் கர்னல் சுமார் 10 டிக் (டைமர் துடிப்பு) நேரம் காத்திருக்கும். 4-க்கு மேல் வராவிட்டால் இன்டரப்ட் வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டி வேறு வழிகளைத் தேடும், ஒன்றும் சரிப்படாவிட்டால் பேனிக், அதாவது கர்னல் அப்படியே நின்றுவிடும். கேவிஎம் கெஸ்டில் இந்தச் சோதனையைத் தவிர்க்க ஏற்கெனவே ஏற்பாடு உண்டு. பேட்ச் துவக்க வரிசையை மாற்றி, அந்த ஏற்பாட்டைத் தாமதப்படுத்தவில்லையே?

பதிவு செய்யும் கோடைத் தொட்டிருந்தால் கெஎக்செக்கையும் (மெஷினை ரீசெட் செய்யாமல் வேறு கர்னலுக்குத் தாவும் வழி) பாருங்கள். பதிவை நீக்காமல் புது கர்னலுக்குத் தாவினால், ஹைப்பர்வைசர் அதே இடத்தில் எழுதிக்கொண்டே இருக்கும். அங்கே இப்போது யாருடைய டேட்டாவோ!

சும்மா கிடக்கும் லேப்டாப்பில் பழைய கோடும் ஒழுங்காகத்தான் ஓடும், அது சோதனையே இல்லை. கெஸ்டின் எல்லா விசிபியூவையும் டாஸ்க்செட் கமாண்டால் ஒரே கோரில் கட்டிப்போட்டு, அதே கோரில் ஸ்ட்ரெஸ்-என்ஜியை (சிபியூவுக்குச் சுமை ஏற்றும் கருவி) ஓடவிடுங்கள். ராத்திரி முழுக்க பூட் லூப், அதாவது திரும்பத் திரும்ப பூட். காலையில் டிமெஸ்ஜில் (கர்னலின் பதிவுக் குறிப்பு) வரும் டிஎஸ்சி மெகாஹெர்ட்ஸ் ஹோஸ்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

லைவ் மைக்ரேஷனில் (ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை வேறு ஹோஸ்டுக்கு மாற்றுவது) வேறு வேகமுள்ள மெஷினுக்குப் போனால் என்ன ஆகும் என்பதைக் கமிட் மெசேஜில் எழுதச் சொல்லுங்கள். அது வரும்வரை ரிவ்யூட்-பை (பார்த்து ஓகே சொன்னதற்கான கையெழுத்து வரி) போட வேண்டாம்.