தெம்பு தரும் இந்திப் படங்கள் எத்தனையோ வருகின்றன. அவற்றில் பார்க்கத் தகுந்தது எது என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள்?

எனக்கு ஒரே ஒரு அளவுகோல்தான். படம் முடியும்போது அதில் தோற்றவர்கள் எங்கே போனார்கள் என்று பார்ப்பேன்.

நாயகன் ஜெயித்த மறுநிமிடம் மற்ற எல்லோரையும் மறந்துவிட்டு, கைதட்டலையும் கண்ணீரையும் மட்டும் காட்டி முடிக்கிற படம், இரண்டரை மணி நேரத்துக்கு இழுத்த வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ். பார்க்கிற நேரத்தில் உடம்பு சிலிர்க்கும், மறுக்கவில்லை. பிஜிஎம்மை உயர்த்தினால் யாருக்கும் சிலிர்க்கும். மறுநாள் காலையில் ஒன்றும் மிஞ்சாது. தோல்வியையும் கூடவே உட்காரவைத்துக்கொண்டு நமக்குத் தெம்பு தருகிற படங்கள் இந்தியில் கொஞ்சம்தான். அவை மிஞ்சும்.

சமீபத்திய உதாரணம், 2023இல் வந்த ‘ட்வெல்த் ஃபெயில்’. விது வினோத் சோப்ரா இயக்கம், விக்ராந்த் மாஸ்ஸி நடிப்பு. சம்பல் பகுதிக் கிராமத்துப் பையன் ஒருவன் பன்னிரண்டாம் வகுப்பில் தவறி, டெல்லிக்குப் போய், மாவு மில்லில் வேலை பார்த்துக்கொண்டே படித்து ஐபிஎஸ் ஆகிறான். மனோஜ் குமார் சர்மா என்ற உண்மையான அதிகாரியின் வாழ்க்கை இது. அனுராக் பாட்டக் எழுதிய புத்தகம் வழியாகப் படமானது. இப்படிச் சொன்னால் ‘சரி, தெரிந்த கதைதானே’ என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பார்க்க உட்கார்ந்ததே என் சித்தி மகனின் தொல்லையால்தான்.

அவன் சில வருடம் சென்னை அண்ணா நகரில் அறை எடுத்துத் தங்கி இதே சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படித்தவன். இரண்டாம் கட்டமான மெயின்ஸ் வரை போனான், அதற்கு மேல் நகரவில்லை. வயது ஏறியது, வீட்டில் பேச்சு ஏறியது, விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டான். படத்தில் டெல்லி முகர்ஜி நகர் வந்ததும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஒரே அறையில் நெருக்கியடித்துத் தூங்குவது, டீக்கடையில் நடக்கும் அரசியல் விவாதம், யாரோ ஒருவருக்கு ரிசல்ட் வரும் நாளில் மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வது என ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தான். ஆனால் அவன் பேச்சை நிறுத்தியது கௌரி அண்ணன் வந்தபோது.

கௌரி அண்ணனுக்காகத்தான் நான் இந்தப் படத்தைச் சொல்கிறேன். மனோஜுக்கு முன்பே டெல்லிக்கு வந்தவர், அவனைவிட அறிவாளி, எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பவர். கடைசி முயற்சியிலும் தேறவில்லை. இனி எழுத முடியாது. வழக்கமான படமாக இருந்தால் இந்த இடத்தில் அவரை ரயிலேற்றி ஊருக்கு அனுப்பியிருப்பார்கள், அல்லது நாயகனுக்கு வெறி ஏற்றுவதற்காகச் சாகடித்திருப்பார்கள். இங்கே அவர் அதே தெருவில் ‘ரீஸ்டார்ட்’ என்று பெயர் வைத்து டீக்கடை போடுகிறார். ஒவ்வொரு கட்டத்திலும் பாம்பு கடித்துக் கீழே வந்து விழும் பரமபதம்தான் இந்தத் தேர்வு, விழுந்தால் பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பி என்று மற்றவர்களுக்குச் சொல்கிறார். மனோஜைத் தன் இடத்தில் வைத்துப் படிக்கவைப்பதும் அவர்தான். கடைசியில் பட்டியலில் மனோஜின் பெயர் இருக்கிறது. அவன் தரையில் விழுந்து அழுகிறான். நாமும் அழுகிறோம். ஆனால் அந்த வெற்றியில் கௌரி அண்ணனின் தோல்வியும் சேர்ந்திருக்கிறது என்பது நமக்குத் தெரியும். லட்சக்கணக்கானவர்கள் எழுதும் தேர்வில் தேறுவது சில நூறு பேர். மீதிப் பேர் என்ன ஆனார்கள் என்ற கேள்விக்கு இந்தப் படத்தில் ஒரு முகம் இருக்கிறது. படம் முடிந்து சித்தி மகன் சொன்னது: “மனோஜ் மாதிரி ஆளுங்களப் பத்தி நிறைய பேர் பேசிட்டாங்கடா. அந்த அண்ணனப் பத்தி யாரும் பேசல.”

இன்னொரு சின்ன விஷயமும் பிடித்தது. ஊர்ப் பள்ளியில் ஆசிரியர்களே விடை சொல்லிக் கொடுத்து மொத்த வகுப்பையும் பாஸ் ஆக்குவது வழக்கம். நேர்மையான ஒரு டிஎஸ்பி வந்து தடுக்கிறார், எல்லோரும் ஃபெயில். உங்களைப் போல ஆக என்ன செய்ய வேண்டும் என்று மனோஜ் கேட்கிறான். பிட் அடிப்பதை விட வேண்டும் என்கிறார் அவர். அவ்வளவுதான். இந்த நீளத்தில் ஒரு அறிவுரை இருந்தால் கேட்டுக்கொள்ளலாம். பிறகு பிட் அடிக்காமல் எழுதி அவன் வாங்குவது வெறும் தேர்ட் கிளாஸ் தேர்ச்சி. மாநிலத்தில் முதலிடமெல்லாம் கிடையாது. இந்தி வழியில் படித்து வந்தவன் ‘டூரிஸம்’ என்பதை ‘டெரரிஸம்’ என்று அவசரத்தில் படித்துவிட்டு ஒரு முழுக் கட்டுரையையும் எழுதித் தொலைக்கும் இடம் வேறு இருக்கிறது. சிரிப்பு வரும், கூடவே வயிற்றைப் பிசையும்.

விளையாட்டுப் படங்களில் இந்த அளவுகோல் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. 2007இல் வந்த ‘சக் தே இந்தியா’வை எடுத்துக்கொள்ளுங்கள். ஷிமித் அமீன் இயக்கம், ஜெய்தீப் சாஹ்னி எழுத்து. பாகிஸ்தானிடம் தோற்றதால் துரோகி என்று முத்திரை குத்தப்பட்ட முன்னாள் ஹாக்கி கேப்டன், பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராக வருகிறார். இறுதிப் போட்டிக்கு முன் அவர் அணியிடம் பேசும் ‘எழுபது நிமிடங்கள்’ பேச்சைத்தான் எல்லோரும் பகிர்கிறார்கள். அலுவலகக் கூட்டங்களில்கூடப் போட்டுக் காட்டிச் சாகடித்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் படத்தின் உச்சம் அதற்கு ரொம்ப முன்பே வந்துவிடுகிறது. உலகக் கோப்பைக்குப் பெண்கள் அணியை அனுப்ப மாட்டோம் என்கிறது சங்கம். ஆண்கள் அணியோடு ஒரு ஆட்டம் வையுங்கள் என்கிறார் பயிற்சியாளர். பெண்கள் தோற்றுவிடுகிறார்கள். ஆம், தோற்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் ஆண்கள் அணி வரிசையாக நின்று ஹாக்கி மட்டைகளை உயர்த்தி அவர்களுக்கு மரியாதை செய்கிறது. வசனமே இல்லை. அதைப் பார்த்த பிறகு இறுதிப் போட்டியில் யார் ஜெயித்தால் என்ன என்று எனக்கு ஆகிவிட்டது.

‘தங்கல்’ பற்றிச் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள், பரவாயில்லை. 2016இல் வந்தது, நிதேஷ் திவாரி இயக்கியது. மல்யுத்த வீராங்கனை கீதா போகாட், அவருக்குப் பயிற்சி கொடுத்த அப்பா இருவரின் உண்மைக் கதை. பெரும்பகுதி அபாரம். மகள் தேசியப் பயிற்சி மையத்துக்குப் போய்ப் புது உத்திகளைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்புகிறாள். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. மண் களத்தில் இருவரும் மோதுகிறார்கள். மூச்சு வாங்க, வயிறு தள்ள, வயதான அந்த மனிதர் மகளிடம் வீழ்கிறார். ஜெயித்தவளுக்கும் சந்தோஷம் இல்லை. அதுதான் சினிமா. ஆனால் இறுதியில் என்ன செய்தார்கள்? காமன்வெல்த் இறுதிப் போட்டியின்போது அப்பாவை ஓர் அறையில் வைத்துப் பூட்டுகிறார்கள், மகள் கடைசி நொடிகளில் எதிராளியைத் தூக்கி வீசுகிறாள், தேசிய கீதம் கேட்டு அப்பாவுக்கு விஷயம் தெரிகிறது. உண்மையில் 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் கீதா போகாட் அந்த இறுதிப் போட்டியை எளிதாகவே வென்றார். யாரும் அவருடைய அப்பாவைப் பூட்டிவைக்கவும் இல்லை. ஹரியானா கிராமத்தில் ஊரே சிரிக்க மகள்களுக்கு மல்யுத்தம் சொல்லிக் கொடுத்து, காமன்வெல்த் மல்யுத்தத்தில் இந்தியப் பெண் ஒருவர் வென்ற முதல் தங்கம் வரை கொண்டுவந்தது போதாதா? அதற்கு மேல் ஒரு வில்லனும் ஒரு பூட்டும் எதற்கு? பார்வையாளர் மேல் நம்பிக்கை இல்லாதபோதுதான் இப்படிப் பூட்டுகள் வருகின்றன.

நம்பிக்கை வைத்து எடுத்த படம் வேண்டுமென்றால் ‘ஸ்வதேஸ்’. 2004 டிசம்பரில் வந்தது, அஷுதோஷ் கோவாரிகர் இயக்கம், ஏ.ஆர். ரஹ்மான் இசை. அப்போது வசூலில் படுத்துவிட்டது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும், நடுவில் சில இடங்களில் பஞ்சாயத்துப் பேச்சு நீளம்தான். ஆனாலும் பாருங்கள்.

நாசாவில் வேலை பார்க்கும் மோகன், தன்னை வளர்த்த காவேரி அம்மாவைத் தேடி இந்தியா வருகிறான். கேரவன் வண்டியில், பாட்டில் தண்ணீரோடு ஊர் சுற்றுகிறான். ஒரு நாள், குத்தகை பாக்கியை வசூலித்துவர வேறொரு கிராமத்துக்கு அவனை அனுப்புகிறார்கள். பாக்கி வைத்திருப்பவர் நெசவாளியாக இருந்து பிழைப்பில்லாமல் விவசாயத்துக்கு மாறியவர். குலத்தொழிலை விட்டவனுக்குப் பாசனத் தண்ணீர் கிடையாது என்று ஊர் சொல்லிவிட்டது. வீட்டில் சாப்பாட்டுக்கே வழியில்லை. மோகன் எதையும் வசூலிக்காமல் திரும்புகிறான். ரயில் ஒரு சின்ன ஸ்டேஷனில் நிற்கிறது. ஒரு பையன் மண்குவளையில் தண்ணீர் விற்றபடி ஜன்னல் ஜன்னலாக ஓடி வருகிறான், குவளை 25 பைசா. மோகன் வாங்குகிறான், பார்க்கிறான், குடிக்கிறான். ரயில் கிளம்புகிறது. அதுவரை பாட்டில் தண்ணீரைத் தவிர வேறு எதையும் தொடாதவன் குடித்த தண்ணீர் அது. ஷாருக்கான் கண்கள் கலங்குவதோடு சரி, ஒரு வார்த்தை பேசுவதில்லை. அந்தப் பையன் மறுபடி வருவதும் இல்லை. மோகன் அவனைத் தேடிப்போய்ப் பள்ளியில் சேர்த்தான் என்று காட்டியிருந்தால் நமக்கு நிம்மதியாக இருந்திருக்கும், காட்சி அங்கேயே செத்திருக்கும். பிறகு ஊர் மக்களோடு சேர்ந்து ஓடைத் தண்ணீரில் சின்ன மின் நிலையம் கட்டி விளக்கு எரியவைக்கும்போது, அந்த வெளிச்சம் எட்டாத இடங்கள் எவை என்று நமக்குத் தெரிந்துதான் சந்தோஷப்படுகிறோம்.

வில்லன் யாரும் இல்லாத கதைகளில் என்ன செய்வது என்று கேட்கலாம். 2012இல் வந்த ‘இங்கிலிஷ் விங்கிலிஷ்’ அதற்குப் பதில். கௌரி ஷிண்டே தன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பதுபோல எடுத்த படம். அவருடைய அம்மா புனேயில் ஊறுகாய்த் தொழில் செய்தவர். படத்தின் சசி லட்டு செய்து விற்கிறாள். ஆங்கிலம் வராததால் கணவனுக்கும் மகளுக்கும் அவள் இளக்காரம். நியூயார்க்கில் யாருக்கும் தெரியாமல் ஆங்கில வகுப்புக்குப் போகிறாள். தெரிந்த கதை என்றால் கடைசியில் அவள் கணவனை நாலு வார்த்தை கேட்டிருப்பாள், நாம் விசில் அடித்திருப்போம். இங்கே ஒரு கல்யாண வீட்டில் எழுந்து, தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில், நம் குறையைப் பார்த்துச் சிரிக்காதவர்கள்தான் குடும்பம் என்று புதுத் தம்பதிக்கு வாழ்த்துச் சொல்கிறாள். யாரைக் குறிவைத்தது என்று கணவனுக்கும் மகளுக்கும் புரிகிறது. அவர்கள் தலை குனிகிறார்கள், படம் அவர்களை அதற்கு மேல் மிதிப்பதில்லை. என் மேல் இன்னும் அன்பு இருக்கிறதா என்று பிறகு அவன் தயங்கிக் கேட்கும்போது, இல்லாமலா உனக்கு மட்டும் இரண்டு லட்டு வைத்தேன் என்கிறாள். சிவகாசிப் பக்கத்து மீனம்பட்டியில் பிறந்த ஸ்ரீதேவி பதினைந்து வருட இடைவெளிக்குப் பிறகு திரும்பி வந்து நடித்த படம். அந்த காபிக் கடைக் காட்சியில் ஆர்டர் சொல்லத் தெரியாமல் பதறி வெளியே ஓடும்போது அவர் விரல்களைக் கவனியுங்கள்.

கடைசியாக ஒரு பழைய படம். ரிஷிகேஷ் முகர்ஜியின் ‘ஆனந்த்’, 1971. இதில் நாயகன் ஜெயிக்க எதுவுமே இல்லை. குடலில் புற்றுநோய், சில மாதங்கள்தான். அவன் இறந்துவிட்டான் என்று படம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது. அதனால் பிழைப்பானா என்ற பதைப்பே நமக்கு இல்லை, அவன் எப்படி இருக்கிறான் என்பதை மட்டும் பார்க்கிறோம். தெருவில் முன்பின் தெரியாதவர்கள் முதுகில் தட்டி “என்னப்பா முராரிலால்!” என்று கூப்பிடுவது அவன் பழக்கம். எல்லோரும் விழிப்பார்கள், சிலர் கோபப்படுவார்கள். ஒரே ஒரு ஆள், நகைச்சுவை நடிகர் ஜானி வாக்கர், சட்டென்று அவனையும் ஒரு பொய்ப் பெயரால் கூப்பிட்டுப் பல வருட நண்பன்போல ஆட்டத்தில் சேர்ந்துகொள்கிறார். அப்போது ஆனந்தாக நடிக்கும் ராஜேஷ் கன்னா முகத்தில் வரும் மகிழ்ச்சி இருக்கிறதே! முன்பின் தெரியாத ஒருவர் கண நேரம் நம் விளையாட்டில் சேர்ந்துகொண்டால் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அதைவிட எளிதாகச் சொல்ல முடியாது.

எதில் தொடங்குவது என்றால், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ‘ட்வெல்த் ஃபெயில்’. ஆனால் ‘பார், இவனைப் பார்த்துக் கற்றுக்கொள்’ என்று பக்கத்தில் உட்கார்ந்து உயிரை வாங்காதீர்கள். அம்மாவோடு பார்க்க ‘இங்கிலிஷ் விங்கிலிஷ்’. அதைத் தமிழிலேயே பார்க்கலாம், அமிதாப் வரும் விமானக் காட்சியில் தமிழில் அஜித் வருவார். ‘ஸ்வதேஸ்’ தமிழில் ‘தேசம்’ என்று வந்தது. பாடல்களைத் தமிழில் கேளுங்கள், படத்தை இந்தியில் சப்டைட்டிலோடு பாருங்கள். ‘ஆனந்த்’ ஆரம்பத்தில் டாக்டர்கள் பேசிக்கொண்டே இருப்பதால் மெதுவாகப் போகும். ராஜேஷ் கன்னா உள்ளே வரும்வரை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.