உரிமம் கொடுக்கும் கை

அன்புள்ள ஐயா,

நான் பாங்காக்கில் ரத்தினக்கல் வணிகம் செய்கிறேன். எங்கள் ஓட்டுநர் வடகிழக்குத் தாய்லாந்தின் ஈசான் பகுதிக்காரர். முன்னாள் பிரதமர் தக்சின் சினாவத்ராவின் பெயரைச் சொன்னாலே கண் கலங்கிவிடுவார். ஏற்கெனவே செல்வம் சேர்த்தவருக்குத் திருட வேண்டிய தேவை இல்லை, நாட்டையும் நிறுவனம்போலத் திறமையாக நடத்துவார் என்றே எனக்குத் தோன்றுகிறது. வணிகர்கள் அரசியலுக்கு வரலாம்தானே? தாய்லாந்து அரசியலை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சில வாரங்களாக நானும் இதையே யோசித்துக்கொண்டிருந்ததால் உடனே எழுதுகிறேன். வணிகர்கள் தாராளமாக வரலாம். உங்கள் ஓட்டுநரின் கண்ணீரும் உண்மையானது. 2001இல் ஆட்சிக்கு வந்த தக்சின் 30 பாட் கட்டணத்தில் மருத்துவம் தந்தபோது, நோய் வந்தால் நிலத்தை விற்றாக வேண்டும் என்றிருந்த குடும்பங்களுக்கு மருத்துவமனைக் கதவு திறந்தது. அந்த நன்றியை விலைபோன வாக்கு என்று இகழ்ந்தவர்கள் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. ஆனால் அத்திட்டம் எந்த நிறுவனத்திலும் பிறக்கவில்லை. சங்குவான் நித்தியாரம்போங் என்ற அரசு மருத்துவர் நெடுங்காலம் உழைத்து உருவாக்கியது.

'நிறுவனம்போல நடத்துவது' என்று எழுதுமுன் 2003ஐ நினைத்துப் பார்த்திருக்க வேண்டாமா? போதைப்பொருள் ஒழிப்புக்கென்று மாகாணங்களுக்குக் கறுப்புப் பட்டியலும் எண்ணிக்கை இலக்கும் கொடுக்கப்பட்டன. மூன்றே மாதங்களில் 2,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அந்த மண்ணிலேயே பிழைக்கும் நீங்கள் இதை ஒரு வரியில்கூடச் சொல்லாதது எனக்கு வருத்தமளிக்கிறது.

செல்வந்தர் திருட மாட்டார் என்கிறீர்கள். அந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது? காவல்துறை அதிகாரியாக இருந்தவர், காவல்துறைக்கே கணினிகளை வாடகைக்கு விட்டுத் தொழில் நடத்தினார். 1990இல் அரசுத் தொலைபேசி நிறுவனம் அவருடைய அலைபேசி நிறுவனமான ஏஐஎஸ்ஸுக்கு 20 ஆண்டு உரிமம் வழங்கியது; அவருடைய தாய்காம் செயற்கைக்கோளும் அரசு உரிமத்தில் பறந்ததுதான். பத்துக் கடைக்காரர்களுக்கு நடுவே விலை பேசிக் கல் விற்கும் உங்களைப் போன்ற வணிகர் அல்லர் அவர். அவருடைய லாபத்தைத் தீர்மானிக்கும் நிபந்தனைகள் அரசின் கையில் இருந்தன. அந்த அரசுக்கே அவர் தலைவரானார். பிரதமராகுமுன்பே அவருடைய பங்குகளில் ஒரு பகுதி வீட்டுப் பணிப்பெண், ஓட்டுநர் போன்றவர்களின் பெயரில் எழுதப்பட்டிருந்தது. ஊழல் தடுப்பு ஆணையம் அதைச் சொத்து மறைப்பு என்றது. அறியாமல் நேர்ந்த பிழை என்று அவர் வாதிட, 2001 ஆகஸ்டில் அரசியல் சாசன நீதிமன்றம் 8-7 என்ற பெரும்பான்மையில் விடுவித்தது. அந்த ஒற்றை வாக்கை நான் இன்றுவரை வேதனையோடுதான் நினைக்கிறேன்.

2006 ஜனவரியில், தொலைத்தொடர்பு நிறுவனங்களில் அயல்நாட்டார் வைத்திருக்கக்கூடிய பங்கின் வரம்பு 25 விழுக்காட்டிலிருந்து 49ஆக உயர்ந்தது. அடுத்த சில நாள்களுக்குள், 23ஆம் தேதி, அவர் குடும்பம் ஏஐஎஸ்ஸின் தாய் நிறுவனமான ஷின் கார்ப்பரேஷனில் தனக்கிருந்த 49.6 விழுக்காட்டுப் பங்கைச் சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான டெமாசெக் தலைமையிலான குழுவுக்கு ஏறத்தாழ 7,300 கோடி பாட் தொகைக்கு விற்றது. பங்குச்சந்தையில் விற்கும் தனிநபர்களுக்கு வரி இல்லை என்பதால் வரியும் கட்டவில்லை. சட்டத்தைக் கையில் வைத்திருப்பவர் எதற்காகத் திருட வேண்டும்?

அதே ஆண்டு செப்டம்பரில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது உங்கள் ஓட்டுநரின் வாக்குக்கு இழைத்த பெரும் அநீதி. அது தனியாக எழுத வேண்டியது. படிப்பதைத் தேர்தல் முடிவுகளிலிருந்து தொடங்காதீர்கள். அவர் குடும்பத்தின் 4,600 கோடி பாட் பணத்தைப் பறிமுதல் செய்த 2010 பிப்ரவரி உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து தொடங்குங்கள். ராணுவ ஆட்சியில் தொடங்கிய விசாரணையின் விளைவு என்பதை மறவாமல் படியுங்கள். ஆனால் அலைபேசி வரி மாற்றம் முதல் மியான்மருக்கு அரசு வங்கி கொடுத்த கடன் வரை, அவருடைய நிறுவனங்களுக்குச் சாதகமாக அமைந்த அரசு முடிவுகள் அதில் இருக்கின்றன.