காலாண்டுக் கணக்கில் 31 வாங்கிய பையனை எங்கே சேர்ப்பது?

குடியாத்தத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

பையனுக்கு இன்ஜினியர் ஆக ஆசை, ஆனால் கணக்கு வரவில்லை; அதனால் பத்து முடித்ததும் கணக்கே இல்லாத பாலிடெக்னிக்கில் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாலிடெக்னிக்கிலும் முதல் ஆண்டிலேயே கணிதப் பாடம் உண்டு. கணக்குக்குப் பயந்து அங்கே போவது வாணலிக்குப் பயந்து அடுப்பில் விழுந்த கதைதான். முடிவை ஓரமாக வைத்துவிட்டு, காலாண்டு விடைத்தாளை எடுங்கள்.

பத்தாம் வகுப்புக் கணக்குப் பொதுத்தேர்வில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரண்டு மதிப்பெண்ணிலும் ஐந்து மதிப்பெண்ணிலும் 14-க்குப் பத்துப் பத்து எழுத வேண்டும். 28-ஆவது, 42-ஆவது வினாக்கள் இரண்டும் கட்டாயம். கடைசியில் செய்முறை வடிவியலும் வரைபடமும் தலா 8. முப்பதுகளில் நிற்கும் பிள்ளைகள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இந்த 16-இல்தான். வேடிக்கை என்னவென்றால், பயிற்சி செய்தால் சீக்கிரம் கைக்கு வருவதும் இதுதான்.

வெளியே உள்ள ஒரு புள்ளியிலிருந்து வட்டத்துக்குத் தொடுகோடு வரைவதைப் பாருங்கள். விட்டம் 6 செ.மீ. என்று கொடுத்தால் ஆரம் 3. அவசரத்தில் 6-ஐயே ஆரமாக எடுத்துவிடுவார்கள். மையத்திலிருந்து 5 செ.மீ. தொலைவில் புள்ளி என்றால் தொடுகோட்டின் நீளம் 4 செ.மீ. வர வேண்டும் (25-லிருந்து 9 போனால் 16, அதன் வர்க்கமூலம்). அளந்தால் 4.3 வருகிறதா? மையத்தையும் புள்ளியையும் இணைக்கும் கோட்டைப் பாதியாக வெட்டும் மையக்குத்துக்கோடு நகர்ந்திருக்கிறது. பென்சில் முனை மழுங்கியிருக்கலாம், காம்பஸ் லூஸாக இருக்கலாம். புது காம்பஸ் வாங்கிக் கொடுங்கள், டியூஷன் ஃபீஸை விட மலிவு. உதவிப்படத்தை விட்டுவிட்டு வருவதும் வழக்கமான இழப்பு.

வரைபடத்தில் தவறு தாளில் இல்லை, அட்டவணையில் இருக்கும். மைனஸ் 3-இன் வர்க்கத்தை மைனஸ் 9 என்று போட்டால் ஒரு புள்ளி வளைவை விட்டு விலகி நிற்கும். அப்படி நின்றால் கோட்டை இழுத்துச் சேர்க்கக் கூடாது. அட்டவணைக்குத் திரும்ப வேண்டும். புள்ளிகளை ஸ்கேல் வைத்து இணைக்கவும் கூடாது, பரவளையம் கைவீச்சில் வர வேண்டும். அளவுத்திட்டம் எழுத மறக்க வேண்டாம்.

ஒரு மதிப்பெண்ணில் 10, கடைசிப் பகுதியில் 13, இரண்டு மதிப்பெண்ணில் ஆறு சரி: 35 ஆகிவிட்டது, ஐந்து மதிப்பெண் வினாவைத் தொடாமலே. ஆனால் இது தேர்ச்சிக்கான கணக்கு, பதினொன்றாம் வகுப்பில் கணிதம் உள்ள முதல் குரூப்புக்கு இல்லை. பாகாயம் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி மாதிரி இடத்தில் பி.இ. சேர கட்-ஆஃப் 200-க்கு. அதில் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம் மட்டும் 100. ஆகவே இயற்கணிதம் பிடிபடாமல் முதல் குரூப் எடுத்தால் திணறுவான்.

அரையாண்டு வரை பாருங்கள். காரணிப்படுத்தலும் இருபடிச் சமன்பாடும் பார்க்காமல் போட வந்துவிட்டால் முதல் குரூப் கேளுங்கள். வராவிட்டால் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்து, நேரடி இரண்டாம் ஆண்டில் பி.இ. சேரும் வழியும் இருக்கிறது.