கேட்பதற்கு ஓர் ஆள்

கேள்வி: எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தேன். முதல் செமஸ்டரில் கணிதம், இயற்பியல் இரண்டிலும் அரியர். அரசே கட்டணம் கட்டியும் தேறவில்லையே என்ற குற்ற உணர்வில், படிப்பை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். நல்ல வழிகாட்டி அமைந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். ஒருவரால் அப்படி என்ன செய்துவிட முடியும்?
- மாணவி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: தயவுசெய்து படிப்பை விட்டுவிடாதீர்கள். பட்டதாரிகள் உள்ள வீட்டில் பிள்ளைக்கு அரியர் விழுந்தால், "எனக்கும் விழுந்தது, அடுத்த முறை எழுதித் தேறினேன்" என்று சொல்ல அண்ணனோ சித்தப்பாவோ இருப்பார்கள். உங்கள் வீட்டில் அதைச் சொல்ல ஆள் இல்லாததால்தான், இரண்டு தாள்களின் தோல்வி உங்கள் தகுதிக்கே எதிரான தீர்ப்பாகத் தெரிகிறது. வழிகாட்டியின் முதல் வேலை அந்தச் சொல்லை உங்கள் காதில் போடுவதுதான்.

அடுத்தது மொழி. பன்னிரண்டாம் வகுப்பில் 'அணிகள்' என்று நீங்கள் படித்துத் தேறிய பாடம்தான் இப்போது 'மேட்ரிக்ஸ்' என்ற பெயரில் வந்து மிரட்டுகிறது. இயற்பியலில் 'டிஃப்ராக்‌ஷன்' என்பது உங்களுக்கு நன்கு தெரிந்த 'விளிம்பு விளைவு'தான். தமிழ்வழியில் படித்துவந்த சீனியர் ஒருவர் ஒரு மாலை உடன் உட்கார்ந்து இந்தச் சொற்களை இணைத்துக் காட்டினால், தெரியாது என்று நீங்கள் நினைத்ததில் பெரும்பகுதி தெரிந்ததுதான் என்பது புரியும். மிகத் திறமையான பேராசிரியருக்குக்கூட இந்த இடறல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போகலாம். அதைத் தாண்டி வந்தவருக்குத் தெரியும். ஆகவே உங்களைவிட ஓரிரு ஆண்டுகளே மூத்த ஒருவரைத்தான் நான் முதலில் தேடச் சொல்வேன்.

கல்லூரியில் உங்களுக்கென ஒதுக்கப்பட்ட மென்டார் ஆசிரியரையும் விட்டுவிடாதீர்கள். கையெழுத்துக்கு மட்டும் நோட்டை நீட்டாமல், எந்தப் பாடம் எந்த இடத்தில் புரியவில்லை என்பதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பணக் கஷ்டத்தை வழிகாட்டியால் தீர்க்க இயலாது. ஆனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உங்களுக்கு வருகிறதா, வராவிட்டால் யாரைப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் சொல்ல முடியும்.

2006இல் தொடங்கிய அகரம் அறக்கட்டளை, 2010 முதல் 'விதை' திட்டத்தின் வழியே உங்களைப் போன்றவர்களைப் படிக்க வைக்கிறது. அங்கே படித்து முடித்தவர்களே தன்னார்வலர்களாகத் திரும்பி வந்து, அடுத்து வருபவர்களுக்குத் துணை நிற்கிறார்கள். தலைமை என்று நான் மதிப்பது இதைத்தான், அதற்கு மேடையோ பதவியோ தேவையில்லை. அடுத்த ஆண்டு உங்கள் பள்ளியிலிருந்து ஒரு தங்கை கலந்தாய்வுக்குக் கிளம்பும்போது, என்னென்ன சான்றிதழ்கள் வேண்டும் என்று சொல்ல உங்களைவிடப் பொருத்தமானவர் யார்?

அதற்கு முன், விடைத்தாள் நகலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் கடைசித் தேதி தாண்டிவிட்டதா என்பதை நாளைக் காலையே தேர்வுப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.