பிடித்து வைத்தால் பிள்ளையார்: சதுர்த்தி காலையில் குழந்தைகளோடு கொழுக்கட்டை

மூன்று வயது மகன், ஐந்து வயது மகள். விநாயகர் சதுர்த்தியன்று காலைச் சிற்றுண்டியை அவர்களோடு சேர்ந்து செய்ய ஆசை. மோதக அச்சு வாங்கிவிட்டேன். அதிலேயே தொடங்கலாமா அம்மா? (மதுரை)

அச்சை இன்னும் இரண்டு ஆண்டு பரணில் வையுங்கள். மோதகத்துக்கு மேல்மாவு மெல்லியதாக இருக்க வேண்டும். சின்ன விரல் பட்டால் கிழியும், பூரணம் வழியும், பிறகு அழுகைதான். இந்த வயதுக்கு ஏற்றது உப்புப் பிடி கொழுக்கட்டை.

ஒரு கப் அரிசி ரவைக்கு இரண்டேகால் கப் தண்ணீர். கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்து, தண்ணீர் ஊற்றி, ஊறிய பாசிப்பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, துருவிய கேரட், தேங்காய்ப்பூ, உப்பு சேர்த்துக் கொதிக்க விடுங்கள். ரவையைத் தூவிக் கிளறி, தண்ணீர் வற்றியதும் மூடி, கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். அள்ளி, இறுக்கி, விட வேண்டும், அவ்வளவே வேலை. மூன்று வயதுப் பிடியில் நான்கு விரல் தடமும் அப்படியே பதியும். ஆவியில் பத்து நிமிடம் வெந்த பிறகும் மறையாது. தட்டில் எது யாருடையது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். கோணல் என்று நீங்கள் திருப்பிப் பிடிக்கக் கூடாது. இட்லிப் பானைப் பக்கம் மட்டும் அவர்களை விடாதீர்கள். அடுப்பைவிட மூடியைத் திறக்கும்போது வரும் ஆவிதான் ஆபத்து.

படையல் முடியப் பத்து மணி ஆகிவிடும். அதுவரை பிள்ளை பசி தாங்குவதில்லை. மாமியார் முன்னால் கொடுக்கவும் தயக்கம். (கும்பகோணம்)

முதல் ஈட்டில் ஐந்தை எடுத்துப் பிள்ளையார் முன் வைத்து, விளக்கேற்றி, எட்டு மணிக்கே கற்பூரம் காட்டிவிடுங்கள். விரிவான பூசை பிறகு நடக்கட்டும். பெரும்பாலான மாமியார்கள் இதற்கு இணங்குவார்கள். அதற்கும் முன்பே பசித்தால் வாழைப்பழம் கொடுங்கள். குழந்தைக்கு ஏது விரதம்?

சர்க்கரை கெடுதல், வெல்லம் சத்து என்பதால் பூரணத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம்தானே? (சேலம்)

வெல்லமும் பெரும்பகுதி சர்க்கரைதான். அதிலுள்ள இரும்புச்சத்தை நம்பி அள்ளிக் கொடுக்க வேண்டாம். உப்புக் கொழுக்கட்டை வயிறு நிறைய, இனிப்பு ஒன்று, கடைசியில். இரண்டு வயதுக்குள் என்றால் அந்த ஒன்றும் தேவையில்லை. இனிப்பு குறைந்தாலும் சுவை குறையாமல் இருக்க எள்ளை வறுத்துப் பொடித்துப் பூரணத்தில் சேருங்கள்.

வண்ணக் கொழுக்கட்டை கேட்கிறாள். கடைப்பொடி போட மனமில்லை. (கோவை)

மாவுக்குக் கொதிக்க வைக்கும் தண்ணீரில் பாதியைப் பீட்ரூட் சாறாக மாற்றினால் இளஞ்சிவப்பு. முருங்கையிலைப் பொடி ஒரு தேக்கரண்டி போட்டால் பச்சை. அதற்கு மேல் போனால் கசக்கும். கேழ்வரகு மாவு கலந்தால் கரும்பழுப்பு. அதையே யானை நிறம் என்று சொல்லிவிடுங்கள். தும்பிக்கையையும் காதையும் அவளே ஒட்டிக்கொள்வாள். கால்சியம் நிறைந்த தானியம் என்பது உங்களுக்கு லாபம்.

மேல்மாவு வெடித்து விரிசல் விடுகிறது.

தண்ணீர் தளதளவென்று கொதிக்கவில்லை, அல்லது மாவு காய்ந்துவிட்டது. நல்லெண்ணெய் தொட்டுப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடுங்கள்.

பக்கத்திலேயே கொண்டைக்கடலைச் சுண்டலும் வைக்கலாமா? பையனுக்கு இரண்டரை வயது. (திருச்சி)

அவனுக்கு முழுதாக வேண்டாம். உருண்டையான கடலை தொண்டையை அடைத்துக்கொள்ளும். குழைய வேகவைத்து, தோல் நீக்கி, மசித்து, தேங்காயோடு சின்ன அடையாகத் தட்டிக் கொடுங்கள். வேர்க்கடலைக்கும் இதே எச்சரிக்கைதான். ஓடிக்கொண்டே தின்ன விடாதீர்கள்.

நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். எங்கள் கொழுக்கட்டையில் பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும். பிள்ளைகள் எதில் உதவலாம்? (டொராண்டோ)

அவித்த பயறு உள்ளே இருப்பதால் காலை உணவுக்கு உங்களுடையதே பொருத்தம். சர்க்கரையை மட்டும் பாதியாக்குங்கள். ஓரத்தைப் பல் பல்லாகக் கிள்ளி மூடுவீர்களே, அந்த வேலை ஆறு வயதுக்காரருக்கு. சின்னவர்களுக்குப் பயறு மசிக்கும் வேலை. முதல் பல் முளைத்தபோது பிள்ளைகளின் தலையில் பல்லுக்கொழுக்கட்டை கொட்டிய சடங்கின் படம் வீட்டில் இருந்தால் அதைப் பக்கத்தில் வையுங்கள். கை தானாக வேகம் பிடிக்கும்.

மாவு மிஞ்சிவிட்டால்?

சுண்டைக்காய் அளவு உருட்டி ஆவியில் வேகவைத்து, கடுகு, பெருங்காயம் தாளித்துப் புரட்டினால் அம்மிணிக் கொழுக்கட்டை. உருட்டும் பொறுப்பு பிள்ளைகளுடையது. பாதி வாய்க்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சின்னவனுக்கு நசுக்கிக் கொடுங்கள்.